திகதி முடிந்த பிறகு வரும் செய்தி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வவுனிக்குளத்துத் தண்ணீரை நம்பி வயல் செய்யும் ஒரு கிராமத்தில் வசிக்கிறேன். இருபத்தெட்டு வருடங்கள் கூட்டுறவுச் சங்கக்கடையில் கிளை முகாமையாளராக இருந்து ஓய்வு பெற்றவன். இப்போது எங்கள் சனசமூக நிலையத்தின் திறப்பு என்னிடம் இருக்கிறது. கதவைத் திறந்து, கூட்டி, உங்கள் பத்திரிகையை மேசையில் விரித்து, காற்றில் பறக்காமல் நான்கு மூலைக்கும் கல் வைப்பது என் வேலை. மல்லாவியிலிருந்து பத்திரிகை வந்து சேரப் பதினொரு மணி ஆகும். அதற்குள் நாலைந்து பேர் வாங்கில் வந்து காத்திருப்பார்கள். கண் தெளிவில்லாதவர்களுக்கு நான் உரத்து வாசிப்பேன். மரண அறிவித்தல்களை முதலில் கேட்பார்கள், பிறகு மழை, பிறகு நெல் விலை.

கடைசித் திகதிகளும் எச்சரிக்கைகளும் எங்களுக்கு நேரத்தோடு வந்து சேர, உங்கள் பத்திரிகையில் கிழமைக்கு ஒருநாள் கால் பக்கம் ஒதுக்க வேண்டும் என்று ஒரு வேண்டுகோள் இருக்கிறது. அதைக் கேட்பதற்கான காரணத்தை முதலில் எழுதுகிறேன். கடிதம் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஒழுங்கையில் நாலாவது வீட்டில் ஒரு தங்கச்சி இருக்கிறாள். கணவர் 2009இல் காணாமல் போனவர். இரண்டரை ஏக்கர் வயலை அவளே செய்கிறாள். 2024/25 காலபோக நெற்செய்கைக்கு ஹெக்டேயருக்கு 25,000 ரூபா என்று உர மானியம் கொடுத்தார்கள். இரண்டரை ஏக்கர் என்பது ஏறத்தாழ ஒரு ஹெக்டேயர். அந்தக் காசும், அஸ்வெசும என்ற அரச நிவாரணக் கொடுப்பனவில் மிச்சம் பிடித்ததுமாக நாற்பத்தொராயிரம் ரூபா சொச்சம் அவளுடைய கணக்கில் இருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் மூன்று மணி இருக்கும். அவள் வயலில் பசளை எறிந்துகொண்டிருந்தாள். கைத்தொலைபேசி வரம்பில், ஒரு பொலித்தீன் உறைக்குள் சுற்றி வைக்கப்பட்டிருந்தது. மணி அடித்தது. எடுத்தால், நல்ல தமிழ். அதுவும் எங்கள் பக்கத்துத் தமிழ். “அக்கா, அஸ்வெசும அலுவலகத்திலிருந்து கதைக்கிறோம். உங்களுக்கு மூன்று மாத நிலுவை வர இருக்கிறது. கணக்கு இலக்கத்தை ஒருமுறை சரி பார்க்க வேண்டும்” என்றார்களாம். அவளுடைய முழுப் பெயரைச் சொன்னார்களாம். அடையாள அட்டையின் கடைசி நாலு எண்ணையும் சொன்னார்களாம். பெயரும் எண்ணும் சரியாக இருந்தால் யார்தான் சந்தேகப்படுவார்கள்? கணக்கு இலக்கத்தை மனப்பாடமாகச் சொன்னாள். “இப்போது ஒரு செய்தி வரும், அதில் உள்ள ஆறு இலக்கத்தையும் சொல்லுங்கள்” என்றார்கள். அவளுடைய கை முழுவதும் பசளை. பக்கத்து வரம்பில் மாடு பார்த்துக்கொண்டு நின்ற ஏழாம் ஆண்டுப் பையனைக் கூப்பிட்டாள். அவன் இலக்கங்களை ஒவ்வொன்றாக வாசித்தான், அவள் அப்படியே சொன்னாள்.

பிறகு அந்தத் தொலைபேசியை வாங்கி நான் பார்த்தேன். வந்திருந்தது இரண்டு வரிச் செய்தி. முதல் வரியில் ஆறு இலக்கம். இரண்டாவது வரியில், இந்த இலக்கத்தை ஒருவருக்கும் சொல்ல வேண்டாம், வங்கி ஊழியர் கேட்டாலும் சொல்ல வேண்டாம் என்று எழுதியிருந்தது. முழுவதும் ஆங்கிலம். பையன் இலக்கத்தை மட்டும் வாசித்தான். அவனுக்குத் தெரிந்தது அதுதான். அவளைக் காப்பாற்றியிருக்கக்கூடிய வரி அவளுடைய தொலைபேசியிலேயே இருந்தது. தமிழில் படிவம் நிரப்பி, தமிழில் கையொப்பம் வைத்துக் கணக்குத் திறந்தவளுக்கு, ஆபத்து வரும்போது மட்டும் ஆங்கிலத்தில் எச்சரிக்கை. எந்த வங்கி என்று நான் எழுத வரவில்லை. ஒன்றிரண்டைத் தவிர எல்லாமே இப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். வாசகர்கள் தங்கள் தொலைபேசியை எடுத்துப் பார்க்கட்டும்.

அந்த ஆறு இலக்கத்தைக் கொண்டு அவளுடைய கணக்கை வேறொரு தொலைபேசியில் இருந்த செயலியோடு இணைத்துவிட்டார்கள். மூன்று தடவையாகக் காசை எடுத்தார்கள். கணக்கில் எழுபது ரூபா மிஞ்சியது. அவளுக்கு விளங்கவே மறுநாள் பின்னேரம் ஆகிவிட்டது. என்னிடம் ஓடி வந்தாள். எனக்கும் ஒன்றும் தெரியவில்லை. திங்கட்கிழமை வங்கி திறக்கட்டும் என்றேன். அந்தச் சொல்லை நினைத்து இன்றைக்கும் மனம் வேதனைப்படுகிறது. வங்கி அட்டையின் பின்பக்கத்தில் இருபத்துநாலு மணி நேர இலக்கம் ஒன்று அச்சிடப்பட்டிருக்கிறது. சனி இரவே எடுத்திருந்தால் கணக்கை முடக்கியிருப்பார்கள். போனது போனாலும், போன பாதையையாவது சூட்டோடு சூடாகத் தேடியிருக்கலாம். இலங்கைக் கணினி அவசர பதிலளிப்புக் குழுவுக்கு 101 என்று ஓர் இலக்கம் இருக்கிறது. அதுவும் எனக்கு அன்று தெரியாது. திங்கள் காலை பஸ் ஏறி வங்கிக்குப் போய், அங்கிருந்து பொலிசுக்குப் போய், முறைப்பாடு எழுதிக் கொடுத்தோம். காசு இன்னும் வரவில்லை.

வவுனியாவில் வேலை செய்யும் என் மகளிடம் இதைச் சொன்னபோது, “அப்பா, இப்படி ஓர் ஏமாற்று நடக்கிறது என்று இரண்டு மாதத்துக்கு முன்பே எங்கள் வேலைத்தலத்தில் கூட்டம் வைத்துச் சொன்னார்கள்” என்றாள். வவுனியாவுக்கும் எங்களுக்கும் இடையில் பஸ்ஸில் இரண்டரை மணி நேரம். ஒரு செய்தி அந்தத் தூரத்தைக் கடந்து வர இரண்டு மாதம் போதவில்லை. இதைத்தான், ஐயா, என்னால் பொறுக்க முடியவில்லை.

கணினிக் குற்றங்கள் சட்டம் 2007ஆம் ஆண்டிலிருந்தே இருக்கிறது, 24ஆம் இலக்கம். அடுத்தவர் கணக்குக்குள் அனுமதியில்லாமல் நுழைவது குற்றம் என்று அதில் இருக்கிறது. 2022இல் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் நிறைவேறியது, 9ஆம் இலக்கம். எங்களைப் பற்றிய விபரத்தை வைத்திருப்பவர்கள் அதைக் கவனமாக வைத்திருக்க வேண்டும் என்பது அதன் சாரம். தங்கச்சியின் அடையாள அட்டை எண் அவர்களிடம் எப்படிப் போனது? யாரும் சொல்லவில்லை. ஆனால் நிவாரணப் பட்டியல்களைச் சுவரில் ஒட்டுவதும், அதைப் படம் எடுத்து வட்ஸ்அப் குழுக்களில் போடுவதும் எங்கள் ஊர்களில் சாதாரணம். நல்லெண்ணத்தோடுதான் போடுகிறார்கள், ‘உங்கள் பெயர் வந்திருக்கிறது, பாருங்கள்’ என்று. அந்தப் படத்தில் அடையாள அட்டை எண் இருந்தால் அதை மறைத்துவிட்டுப் போடுங்கள் என்று ஒருவர் சொல்லித் தர வேண்டாமா?

அதற்குப் பிறகு நான் சும்மா இருக்கவில்லை. மகளை வரச் சொல்லி, எங்கள் நிலையத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இருபது பேரை உட்கார வைத்து, வட்ஸ்அப்பில் இரட்டைச் சரிபார்ப்பு என்று உள்ளதை ஒவ்வொரு தொலைபேசியிலும் போட்டுக் கொடுத்தோம். ஆறு இலக்கத்தில் ஓர் இரகசிய எண் வைத்தால், வேறொருவர் எங்கள் கணக்கைத் தன் தொலைபேசியில் திறப்பது கடினமாகிவிடும். பிறந்த வருடத்தை வைக்க வேண்டாம், பிள்ளையின் பிறந்த நாளையும் வைக்க வேண்டாம் என்று மகள் சொன்னாள். ஓர் ஐயா, “அப்படியென்றால் எதைத்தான் மறக்காமல் வைப்பது பிள்ளை?” என்று கேட்டார். அவர் 2009இல் மாத்தளனில் இறந்த தன் மனைவியின் பழைய நிவாரண அட்டை இலக்கத்தை வைத்தார். அது அவருக்கு இன்னும் மறக்கவில்லை. நான் அதை ஒருவருக்கும் சொல்ல மாட்டேன் என்று அவருக்குச் சத்தியம் செய்து கொடுத்திருக்கிறேன்.

நிவாரண அட்டை என்றதும் எனக்குச் சங்கக்கடையின் கறுப்புப் பலகை நினைவுக்கு வருகிறது. வன்னிக்குள் மண்ணெண்ணெயும் பற்றரியும் சவர்க்காரமும் தடைசெய்யப்பட்டிருந்த காலத்தில், கப்பலோ லொறியோ வரும்போதுதான் சாமான். வந்த அன்றே பலகையில் எழுதுவேன். எதை எழுதுவது என்று எனக்கு முன்பிருந்த முகாமையாளர் கற்றுத் தந்திருந்தார். என்ன வந்திருக்கிறது, எந்த அட்டை இலக்கத்திலிருந்து எதுவரை, எந்த நாளில், கையில் எதைக் கொண்டுவர வேண்டும். கடைசி நாளைப் பலகையின் தலைப்பில், மற்ற எழுத்தைவிட இரண்டு மடங்கு பெரிதாக எழுத வேண்டும் என்பார். வாசிக்கத் தெரியாதவர்கள் பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளையை நிறுத்தி வாசிக்கச் சொல்வார்கள். அந்தப் பலகையைப் பார்க்காமல் எங்கள் கிராமத்தில் ஒரு வீடும் அடுப்பு மூட்டியதில்லை. 2008இல் இடம்பெயர்ந்தபோது பலகையை விட்டுவிட்டுத்தான் போனோம். செட்டிக்குளம் முகாமில் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். காற்றடித்தால் பாதி கேட்கும், பாதி கேட்காது.

இப்போது சாமான் தட்டுப்பாடு இல்லை. ஆனால் நாளைத் தவறவிட்டால் இழப்பது அரிசியைவிடப் பெரியதாக இருக்கிறது.

காணி விடயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பத்து வருடம் ஒருவர் தடையில்லாமல் ஒரு காணியை ஆண்டு அனுபவித்தால் அவர் உரிமை கேட்கலாம் என்பது பழைய சட்டம். யுத்தத்தில் ஓடியவன் எப்படித் தடுப்பது? அதற்காகத்தான் 2016இல் பாராளுமன்றம் 5ஆம் இலக்கச் சட்டத்தை நிறைவேற்றியது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரை யுத்தச் சூழலால் தன் காணிக்காக வழக்குப் போட முடியாமல் போனவர்களுக்கு அந்தக் காலத்தைக் கழித்துக் கணக்குப் பார்க்கும் ஏற்பாடு அது. எங்களுக்காகவே எழுதியது போன்ற சட்டம். ஆனால் வழக்குப் போடுவதற்குக் கொடுத்த அவகாசம் இரண்டு வருடம் மட்டும். கிளிநொச்சியில் காணி பறிகொடுத்த என் மைத்துனர் ஒருவர் 2019இல் ஒரு சட்டத்தரணியிடம் போனார். “போன வருடம் வந்திருந்தால் ஒரு வழி இருந்தது” என்றாராம் அவர். மைத்துனர் வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துக்கொண்டார். இரண்டு வருடத்தில் எழுநூற்றுச் சொச்சம் நாட்கள். அத்தனை நாட்களில் ஒருநாள்கூட அந்தச் செய்தி அவருடைய காதில் விழவில்லை.

2025 மார்ச் 28ஆம் திகதி வெள்ளிக்கிழமை வந்த வர்த்தமானி, அதாவது அரச அறிவித்தல், இன்னும் பலருக்கு நினைவிருக்கும். காணி நிர்ணயக் கட்டளைச் சட்டத்தின் 4ஆம் பிரிவின் கீழ் வடக்கில் ஏறத்தாழ 5,940 ஏக்கர் காணிக்கு மூன்று மாதத்துக்குள் உரிமை கோர வேண்டும், இல்லையென்றால் அரச காணியாகப் பிரகடனம் செய்யலாம் என்று அறிவித்தார்கள். முல்லைத்தீவு மாவட்டத்தில் மட்டும் 1,703 ஏக்கர், கிளிநொச்சியில் 515 ஏக்கர். உறுதிகளை உரப்பையில் கட்டிக்கொண்டு ஓடி, அந்தப் பையையே வழியில் விட்டவர்களிடம் மூன்று மாதத்துக்குள் பத்திரம் கேட்டது அந்த அறிவித்தல். பெரிய எதிர்ப்பு எழுந்தது, உயர் நீதிமன்றம் ஜூன் இறுதியில் இடைக்காலத் தடை விதித்தது, அரசாங்கமும் அதைக் கைவிட்டது. நல்லது. ஆனால் எங்கள் நிலையத்தில் அதை முதன்முதலில் நான் வாசித்தபோது மே மாதம் நடந்துகொண்டிருந்தது. மூன்று மாதத்தில் பாதிக்கு மேல் போய்விட்டது. வழக்குப் போட்டவர்கள் போடாமல் இருந்திருந்தால்?

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். இந்தியத் தொலைக்காட்சியில் நீதிமன்றங்கள் சட்டங்களை இரத்துச் செய்வதைப் பார்த்துப் பழகிய எங்கள் ஆட்கள், இங்கும் அப்படி ஒரு வழி இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இல்லை. இலங்கையில் ஒரு சட்டமூலம் பாராளுமன்றத்தில் நிறைவேறிச் சபாநாயகர் சான்றுப்படுத்திவிட்டால், அது செல்லுமா செல்லாதா என்று எந்த நீதிமன்றமும் கேட்க முடியாது. அதற்கு முன்னால், சட்டமூலம் பாராளுமன்ற நிகழ்ச்சி நிரலான ஒழுங்குப் பத்திரத்தில் சேர்க்கப்பட்டதும் கிடைக்கும் குறுகிய நாட்களுக்குள் எந்தப் பிரசையும் உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம். அந்த வாசல் திறப்பதும் மூடுவதும் எங்களுக்குத் தெரிவதில்லை. இணையத்தில் பகிர்வதைக் கட்டுப்படுத்தும் 2024இன் நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தைப் பற்றி எங்கள் பையன்களுக்கு இன்றும் சரியாகத் தெரியாது. கைக்கு வந்த படத்தையெல்லாம் பத்துப் பேருக்கு அனுப்புகிறார்கள்.

எல்லாச் சட்டமும் எங்களுக்கு எதிரானது என்று நான் சொல்லவில்லை. நல்லது வந்தாலும் தெரிவதில்லை என்பதுதான் என் ஆற்றாமை. எங்கள் வயல்கள் பெர்மிற் காணிகள், அரசாங்கம் அனுமதிப்பத்திரத்தில் கொடுத்தவை. பெர்மிற்காரர் பின்னுரித்து, அதாவது தனக்குப் பின் யாருக்கு என்று, எழுதாமல் இறந்துவிட்டால், மனைவியோ கணவனோ இல்லாத இடத்தில், மூத்த ஆண் பிள்ளைக்கே போகும் என்பது 1935இன் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்திலிருந்து வந்த வழக்கம். 2022இன் 11ஆம் இலக்கத் திருத்தம் அந்த ஆண் முன்னுரிமையை எடுத்துவிட்டது. இப்போது ஆணோ பெண்ணோ, வயதில் மூத்த பிள்ளைக்கு முன்னுரிமை. இதை நான் போன மாதம் வாசித்துச் சொன்னபோது, வெளியே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்ற ஒரு பிள்ளை உள்ளே வந்து, “மாமா, அதை இன்னொரு தடவை வாசியுங்கள்” என்றாள். வாசித்தேன். ஒரு கடதாசியில் இலக்கத்தையும் வருடத்தையும் எழுதிக்கொண்டு போனாள். வீட்டில் அவள்தான் மூத்தவள், தம்பிமார் இருவர். மூன்று வருடமாக அவளுக்குச் சாதகமாக இருந்த ஒரு சட்டத்தை அவள் அன்றுதான் கேள்விப்பட்டாள்.

உடம்பு விடயம் இன்னும் அவசரமானது. காணியாவது அங்கேயே கிடக்கும்.

2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் ஒரு காய்ச்சல் பரவிப் பல உயிர்களை எடுத்தது. பரிசோதனையில் எலிக்காய்ச்சல் என்று உறுதியானது. அப்போது அது யாழ்ப்பாணத்துச் செய்தியாகத்தான் எங்களுக்குப் பட்டது. ஆனால் எங்கள் வயல்களிலும் அதே வெள்ளம், அதே எலி. அடுத்த மாதமே என் அண்ணன் மகனுக்குக் காய்ச்சல். வயலில் தேங்கிய தண்ணீரில் நின்று வாய்க்கால் வெட்டியவன். மூன்று நாள் பனடோல் போட்டுக்கொண்டு படுத்திருந்தான். கெண்டைக்காலில் தொடவிடாமல் நோ, கண் இரண்டும் சிவப்பு. தடிமன் காய்ச்சல் என்றே நினைத்தோம். நாலாம் நாள் சலம் குறைந்துவிட்டது. இரவு பதினொரு மணிக்கு அண்ணி என்னை எழுப்பினார். வான் பிடிக்கப் பன்னிரண்டாயிரம் ரூபா கேட்டார்கள், காசுக்கு மூன்று வீடு தட்டினோம்.

1990 என்று அடித்திருந்தால் அம்புலன்ஸ் வந்திருக்கும், ஒரு சதம் கொடுக்கத் தேவையில்லை. சுவசெரிய சேவை 2018இலிருந்து வடக்கிலும் இருக்கிறது. அண்ணிக்கு அந்த இலக்கம் தெரிந்தே இருந்தது. “அதற்குப் பிறகு பில் வரும் என்று சொன்னார்கள்” என்றார். யார் சொன்னது என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியவில்லை. பிள்ளை பிழைத்துக்கொண்டான். பதினாறு நாள் வைத்தியசாலையில் இருந்தான். சிறுநீரகத்துக்கு இரத்தச் சுத்திகரிப்புச் செய்ய வேண்டி வந்தது.

வைத்தியசாலையிலிருந்து அவன் வந்த பிறகு பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வீட்டுக்கு வந்தார். வயல் வேலை தொடங்கும் காலத்தில் கிழமைக்கு ஒரு தடவை போட்டுக்கொள்ள ஒரு குளிசை இருக்கிறது, டொக்சிசைக்கிளின் என்று பெயர், சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் இலவசமாகக் கொடுக்கிறோம் என்றார். கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மாரும் போடக்கூடாது, மற்றவர்களும் கேட்டுத்தான் போட வேண்டும் என்று விளக்கமாகச் சொன்னார். பொறுமையான, நல்ல மனிதர். அவருக்குக் கீழே எத்தனை கிராமம் என்று கேட்டேன். கேட்டபிறகு அவர்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஒருவர் எத்தனை படலை தட்டுவார்? அண்ணன் மகன் கட்டிலில் இருந்தபடி, “சித்தப்பா, ஒரு குளிசையா?” என்று மட்டும் கேட்டான்.

சிறுநீரக நோயாளருக்கும் மாற்றுத் திறனாளிகளுக்கும் மாதாந்தக் கொடுப்பனவு 2025 வரவு செலவுத் திட்டத்தோடு 7,500 ரூபாவிலிருந்து 10,000 ஆனது. முதியோருக்கு 3,000 ரூபா 5,000 ஆனது. முப்பத்தைந்து வயதுப் பெண்களுக்கும் நாற்பத்தைந்து வயதுப் பெண்களுக்கும் கருப்பைக் கழுத்துப் புற்றுநோயை முன்கூட்டிக் கண்டறியும் பரிசோதனை கிளினிக்கில் இலவசம். குடும்பநல உத்தியோகத்தரிடம் கேட்டால் நாள் சொல்வார். இதையெல்லாம் அறிந்தவர்கள் அறிந்திருக்கிறார்கள். அறியாதவர்கள்தான் எங்கள் ஊரில் கூட.

தகவல் கேட்பது எங்கள் உரிமை என்று 2016இன் 12ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. 2017 பெப்ரவரி 3 முதல் நடைமுறையில் இருக்கிறது. நான் அதைப் பாவித்துப் பார்த்தேன். ஓர் அலுவலகத்தில் முதியோர் கொடுப்பனவு விண்ணப்பம் ஒன்று ஒன்பது மாதமாக எங்கே இருக்கிறது என்று ஒருவரும் சொல்லவில்லை. வெள்ளைத் தாளில், தமிழில், ஒன்றரைப் பக்கம் எழுதிக் கொடுத்தேன். ஏன் கேட்கிறாய் என்று அவர்கள் காரணம் கேட்க முடியாது. பதினான்கு வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். பன்னிரண்டாம் நாள் பதில் வந்தது. விண்ணப்பத்தில் ஒரு கையொப்பம் குறைவு என்று இருந்தது. ஒன்பது மாதமாக நின்றதற்கு அந்த ஒரு கையொப்பம்தான் காரணம். அந்தக் கிழவிக்கு எண்பத்தொரு வயது.

இனி என் வேண்டுகோள்.

கிழமையில் ஒருநாள், வெள்ளிக்கிழமை என்றால் நல்லது, உங்கள் பத்திரிகையில் கால் பக்கம் ஒதுக்குங்கள். அந்தக் கிழமை வந்த வர்த்தமானியில் எங்களைத் தொடுவது எது, பாராளுமன்றத்துக்கு வரும் சட்டமூலம் எது, எந்தக் கொடுப்பனவுக்கு விண்ணப்பம் திறந்திருக்கிறது, எந்தக் கிளினிக், எந்தப் புது ஏமாற்று தொலைபேசியில் நடக்கிறது. கட்டுரை வேண்டாம், அரசியல்வாதியின் படம் வேண்டாம். எங்கள் கறுப்புப் பலகையில் எழுதியது போல எழுதுங்கள்: கடைசித் திகதியைத் தலைப்பில் பெரிதாக. அதன் கீழே யாருக்கு, எங்கே, கையில் எந்தப் பத்திரம். ஒன்றும் இல்லாத கிழமை என்றால், ‘இந்தக் கிழமை ஒன்றும் இல்லை’ என்றே போடுங்கள். அதுவும் எங்களுக்குச் செய்திதான். வதந்தி கேட்டுப் பஸ் ஏறிக் கச்சேரி வரை போய்த் திரும்பும் ஒருவருக்கு ஒருநாள் கூலி மிச்சம்.

எழுத்தைப் பெரிதாகப் போடுங்கள். பின்பக்கத்தில் முக்கியமான ஒன்றும் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் நான் அதை வெட்டி ஒட்டுவேன். முகநூலில் போடுகிறோம் என்று சொல்லி விட்டுவிடாதீர்கள். தொலைபேசியில் வருவதில் எது உண்மை எது பொய் என்று பிரிக்கத் தெரியாமல்தான் நாலாவது வீட்டுத் தங்கச்சி காசை இழந்தாள். அச்சில் வந்ததை அவள் நம்புவாள். அந்த நம்பிக்கை உங்களிடம் இருக்கிறது, அதைக் கொண்டு இதைச் செய்யுங்கள்.

வங்கிகளிடம் உங்கள் ஆசிரியர் தலையங்கத்தில் ஒரு கேள்வியும் கேளுங்கள். கணக்குத் திறக்கும்போது வாடிக்கையாளர் எந்த மொழியில் படிவம் நிரப்பினாரோ அந்த மொழியில் அந்த எச்சரிக்கை வரியை அனுப்ப என்ன தடை? தமிழ் இந்த நாட்டின் அரச கரும மொழி. ஒரே ஒரு வரிதான் கேட்கிறேன்.

எங்கள் பக்கத்து வேலையை நாங்கள் தொடங்கிவிட்டோம். இடிந்து கிடந்த சங்கக்கடைக் கட்டடத்தின் கதவுப் பலகை ஒன்றை எடுத்து, சீவி, இரண்டு பூச்சுக் கறுப்பு மை அடித்து, சனசமூக நிலையத்தின் வெளிச்சுவரில், பஸ்ஸுக்கு நிற்பவர்கள் பார்க்கக்கூடிய பக்கமாக மாட்டியிருக்கிறேன். அந்த ஏழாம் ஆண்டுப் பையனுடைய எழுத்து அழகு. பள்ளிக்கூடம் விட்டு வரும்போது எழுதித் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறான். இந்தக் கிழமைக்கு 1990, 101 என்ற இரண்டு இலக்கத்தையும், எலிக்காய்ச்சல் குளிசை எங்கே கொடுக்கிறார்கள் என்பதையும் எழுதியிருக்கிறோம். மீதி இடம் காலியாக இருக்கிறது. காலபோக விதைப்புக்கு முன் உங்கள் முதல் கால் பக்கம் வந்தால், அதைப் பார்த்து எழுதுவோம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற சங்கக்கடை முகாமையாளர்,
வவுனிக்குளம்.

(பெயரும் முகவரியும் ஆசிரியருக்குத் தனித்தாளில் எழுதப்பட்டுள்ளன. பத்திரிகையில் போட வேண்டாம். இதில் வரும் பிள்ளைகளை எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும்.)